உண்ணி சுமந்து வரும் நோய்



மாடு வளர்க்கிற வீட்டில் உண்ணியைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. காது மடலின் உள்ளே, அலைதாடியின் மடிப்பிலே, மடிக்கும் தொடைக்கும் இடையிலே, வாலின் அடியிலே, ஆமணக்கு முத்தைப் போல உப்பிக்கொண்டு அது ஒட்டியிருக்கும். கண்ணில் பட்டால் பிடுங்கி எறிகிறோம். படாவிட்டால் விட்டுவிடுகிறோம். “கொஞ்சம் இரத்தந்தானே குடிக்கிறது, குடித்துவிட்டுப் போகட்டும்” என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு.

உண்ணி இரத்தத்தை எடுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. அது ஒன்றைக் கொடுத்துவிட்டும் போகிறது. எதைக் கொடுக்கிறது, அதை அறிவியலாளர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள், அதனால் நம் வீட்டுக் கொட்டகைக்கு என்ன பயன் என்பதை இன்று பார்ப்போம்.

லகாட், பூசிங், பத்து காஜா வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளே எழுந்துவிட்டன. ஆனாலும் செம்பனை நிரைகளுக்கிடையிலும் பழைய ஈயக்குட்டைக் கரைகளிலும் நம்மவர் மாடுகள் இன்னும் மேய்கின்றன. லயன் வீட்டுக் காலத்தில் தோட்டத்துச் சம்பளம் வயிற்றுக்கு என்றால், பால் விற்ற காசுதான் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் பெண்ணின் தோட்டுக்கும். ஒரு கறவை சாய்ந்தால் குடும்பத்தின் கணக்கே சாய்ந்துவிடும். ஆகவே, இது வெறும் பூச்சியைப் பற்றிய பேச்சு அல்ல.

முதலில் உண்ணியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டு மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் உண்ணி, குஞ்சுப் பருவத்தில் ஒரு மாட்டின் மேல் ஏறினால், ஏறக்குறைய 3 வாரம் அந்த மாட்டிலேயே தங்கி வளர்கிறது. முழு வளர்ச்சி அடைந்த பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் தரையில் விழுகிறது. புல் தூரிலோ சருகுக்கு அடியிலோ ஒதுங்கி 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இடுகிறது. இட்டு முடித்ததும் செத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் கடுகை விடச் சிறியவை. அவை புல் நுனியில் ஏறி, கால்களை நீட்டிக்கொண்டு, அடுத்த மாடு உரசிப் போகும் நேரத்துக்குக் காத்திருக்கின்றன. உணவில்லாமலே அவை பல வாரங்கள் உயிரோடு இருக்கும். மாடு இல்லாத மேய்ச்சல் நிலத்திலும் உண்ணி இருக்கக் காரணம் இதுதான்.

இந்த உண்ணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் ஐயப்பட்டவர்கள் மாடு மேய்ப்பவர்களே. அமெரிக்காவில் தெற்கேயுள்ள டெக்சாஸ் மாநிலத்து மாடுகளை வடக்கே ஓட்டிச் செல்லும்போதெல்லாம், அவை போன வழியில் மேய்ந்த வடநாட்டு மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவப்பாய்ச் சிறுநீர் கழித்துச் செத்தன. நோயைக் கொண்டுவந்த தெற்கத்தி மாடுகளோ நலமாகவே இருந்தன! உண்ணிதான் காரணம் என்று மேய்ப்பவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் பலர் ஏற்கவில்லை.

தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வயலில் உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாடுகளையும் வடநாட்டு மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொரு வயலில், தெற்கத்தி மாடுகளின் உண்ணிகளைக் கையாலேயே ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு வடநாட்டு மாடுகளோடு சேர்த்தார்கள். வேறொரு வயலில் தெற்கத்தி மாடே இல்லை, உண்ணிகளை மட்டும் தூவினார்கள். உண்ணி இருந்த வயல்களில் நோய் வந்தது. உண்ணி பொறுக்கிய வயலில் வரவில்லை. 1893-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாதில் கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இது நடந்தது. மாட்டுக்காரர்களின் கண் பொய் சொல்லவில்லை.

உண்ணி கொடுப்பது என்ன? மாட்டின் இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகும் மிக நுண்ணிய ஓர் ஒட்டுண்ணி. அதற்குப் பேபீசியா என்று பெயர். சிவப்பணு உடைந்து அதன் சாயம் சிறுநீரில் இறங்குவதால்தான் சிறுநீர் சிவக்கிறது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தாய் உண்ணி குடித்த இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணி, அதன் முட்டைக்குள்ளும் போய்விடுகிறது. பிறக்கும் குஞ்சுகள் நோயைச் சுமந்துகொண்டே பிறக்கின்றன. தாய் ஒரு மாட்டில் குடித்ததை, பிள்ளைகள் இன்னொரு மாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

தைலேரியா என்று இன்னோர் ஒட்டுண்ணியும் உண்ணியால் பரவுகிறது. அனாபிளாஸ்மா என்பதையும் ஒரு காலத்தில் இதே இனம் என்று எண்ணினார்கள். அது ஒருவகை பாக்டீரியா என்பது பின்னர்த் தெரிந்தது. அது கண்டால் மாடு வெளிறும், மஞ்சள் காட்டும், ஆனால் சிறுநீர் சிவக்காது. மூன்றுமே மலேசிய மாடுகளில் காணப்பட்டவை.

இனி, தெற்கத்தி மாடுகள் ஏன் சாகவில்லை என்ற கேள்விக்கு வருவோம். இந்தப் பேச்சின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. உண்ணி நிறைந்த மண்ணில் பிறந்த கன்று, சீம்பால் வழியாகத் தாய் கொடுக்கும் காப்பினாலும், இளமைக்கே உரிய தாங்கும் சக்தியாலும், இந்த நோயை ஏறக்குறைய 9 மாதம் வரை அவ்வளவாக வருந்தாமல் ஏற்றுக் கடந்துவிடுகிறது. பிறகு ஒட்டுண்ணி அதன் இரத்தத்தில் மிகச் சிறிய அளவில் தங்கிவிடும். மாடு நன்றாக மேயும், பால் கொடுக்கும். ஆனால் அதைக் கடிக்கும் உண்ணி நோயை எடுத்துக்கொண்டு போகும். அந்த உண்ணியின் குஞ்சுகள், நோயே அறியாத வளர்ந்த மாட்டைக் கடித்தால் அது விழுந்துவிடும். நோயைத் தாங்குகிற விலங்கு ஒன்று, சாகிற விலங்கு இன்னொன்று.

நம் நாட்டிலும் இதே கதை நடந்தது. பால் உற்பத்தியைப் பெருக்குவதற்காக 1970-களிலும் 1980-களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஃபிரீசியன் கலப்பினக் கிடேரிகள் கப்பலில் வந்து இறங்கின. இந்த உண்ணியை அறியாத குளிர்நாட்டுப் புல்வெளியில் வளர்ந்தவற்றுக்கு நம் உண்ணிக் காய்ச்சல் பெரும் சோதனை ஆயிற்று. நம்மவர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த இந்திய வழி மாடுகளோ, பால் குறைவு என்றாலும், உண்ணியையும் நோயையும் தாங்கி நின்றன. திமில் உள்ள மாட்டின் தோலில் உண்ணி அதிகம் தங்காது என்பதும் ஆராய்ச்சியில் உறுதியான ஒன்று. பாலுக்கு ஃபிரீசியனும், தாங்கும் சக்திக்குச் சாகிவாலுமாகக் கலந்து இனம் பெருக்கியதன் காரணம் இதுவே.

இத்தகைய நோய்களை ஆராயும் இடம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. ஈப்போவில், முன்பு டைகர் லேன் என்றும் இன்று ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்றும் வழங்கும் சாலையில், 1948-ல் நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

காட்டு விலங்குகளுக்கும் இதில் பங்கு உண்டா? உண்டு. 1910-ல் சென்னையில், வேட்டைக்கு வளர்த்த நாய்களின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைப் பேட்டன் என்ற ஆய்வாளர் கண்டார். பின்னர்க் குள்ளநரியின் இரத்தத்திலும் அதையே கண்டார். பேபீசியா கிப்சோனி என்று இன்று அழைக்கப்படும் அது, மலேசிய நாய்களிலும் காணப்பட்டிருக்கிறது. வேட்டை நாய்க்கும் நரிக்கும் பகை என்கிறோம். ஆனால் இரண்டின் இரத்தத்திலும் ஒரே உயிர் குடியிருந்தது!

நம் காடுகளில் எலி, காட்டுப்பன்றி, அழுங்கு எல்லாவற்றுக்கும் உண்ணி உண்டு. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பல ஆண்டுகள் காடு காடாகப் போய், விலங்குகளைப் பிடித்து, அவற்றின் உண்ணிகளைச் சேகரித்தார்கள். 1956-ல் உலு லங்காட் காட்டு எலிகளின் உண்ணியிலிருந்து ஒரு புதிய வைரசையே பிரித்தெடுத்தார்கள். அதற்கு லங்காட் வைரஸ் என்று பெயர். காடு அழியும்போது விலங்கு இடம் பெயர்கிறது. விலங்கோடு உண்ணியும் நம் வேலி ஓரத்துக்கு வருகிறது.

தாங்குகிற விலங்கும் எப்போதும் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. 2018 செப்டம்பர், அக்டோபரில் இந்தியாவின் கீர் காட்டில் 23 சிங்கங்கள் இறந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரசும், உண்ணி பரப்பும் பேபீசியாவும் அவற்றிடம் காணப்பட்டன. வைரஸ் உடம்பின் காவலைக் குலைத்துவிட்டால், அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணி தலை தூக்கிவிடும். காட்டரசனுக்கே அப்படி என்றால், தீனி குறைந்து இளைத்த நம் பசுவுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை என்ன?

ஒன்று: வெளியிலிருந்து மாடு வாங்கினால் உடனே மந்தையோடு விடாதீர்கள். தனியே கட்டி, உண்ணி நீக்கி, முதல் இரண்டு மாதம் நாள்தோறும் கவனியுங்கள். புதிய மாடு நம் உண்ணிக்கு இரையாகலாம், அல்லது புதிய நோயை நம் மாட்டுக்குக் கொண்டுவரலாம்.

இரண்டு: தீனியை மறுத்தல், அசை போடாமை, உடம்பு சுடுதல், கண்ணின் உட்புறம் வெளிறுதல், சிறுநீர் சிவத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். திருஷ்டி கழிப்பவர்கள் கழியுங்கள், ஆனால் அதற்காக ஒரு நாளைக் கடத்தாதீர்கள். காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால் நோய் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஊசி காலத்தில் விழுந்தால் மாடு பிழைக்கும்.

மூன்று: கன்றுக்குச் சீம்பாலை மறுக்காதீர்கள். முதல் நாள் சீம்பால்தான் அதன் முதல் மருந்து.

நான்கு: பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், தரையிலும் எறியாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். விழுந்த ஒன்று மூவாயிரமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்து: தோட்டத்துக் களைக்கொல்லியையோ பூச்சி மருந்தையோ மாட்டின் மேல் ஒருபோதும் பூசாதீர்கள். அது மாட்டையும் கொல்லும், பூசுகிற கையையும் கெடுக்கும். மாட்டுக்கென்று உள்ள உண்ணி மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் பயன்படுத்துங்கள். சிக்கனம் என்று நீர்த்துப் போட்டால் மருந்துக்கு அடங்காத உண்ணியை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.

நேயர்களே, அமெரிக்கா 1906-ல் தொடங்கி, 1943-க்குள் இந்த உண்ணியை மெக்சிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் ஒழித்தது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் மண்ணில் அது எளிதல்ல. உண்ணியை அடியோடு ஒழிக்க முடியாமல் போகலாம். ஆனால் அது கொண்டுவரும் நோய்க்கு மாட்டைப் பறிகொடுக்காமல் இருக்க முடியும். கொழுகொழுவென்று நிற்கும் மாட்டின் இரத்தத்திலும் நோய் உறங்கலாம் என்பதை நினைவில் வைத்து, இன்று மாலை மாடு கொட்டகைக்குத் திரும்பியதும் அதன் காதை ஒருமுறை மடித்துப் பாருங்கள்.