ஐம்மீன் விடுதியில் ஓரிரவு



சென்ற திங்கள் மலேசியாவிலிருந்து வந்த நண்பரொருவர், சென்னை ஐம்மீன் விடுதியொன்றில் என்னையும் தம்மோடு தங்கவைத்தார். வாயிலெங்கும் சலவைக்கல்; பொன்னிறத் தூண்கள். அறைக்குள்ளோ பூசண நாற்றம்! குளிரூட்டி இரவெல்லாம் இரைந்ததேயன்றிக் குளிர்விக்கவில்லை. வெந்நீர்க் குழாயில் துருநீர் வடிந்தது. தமிழில் முறையிட்டேன்; வரவேற்பறை இளைஞர் ஆங்கிலத்திலேயே விடைகூறினார். அவரும் மதுரைக்காரர்தாம் என்பது பின்னர்த் தெரிந்தது. மேலிடத்துக் கட்டளையாம், அவரை நான் நோகவில்லை.

காலையில் கட்டணச்சீட்டு வந்தது. அறைக்கட்டணம் நாளொன்றுக்கு 7500 உரூபாவைக் கடந்ததால் 18 விழுக்காடு வரி. அது சட்டம், கொடுத்தோம். உணவுச்சீட்டிலோ, எம்மைக் கேளாமலே 10 விழுக்காடு பணிக்கட்டணம்! எந்தப் பணிக்கு? துருநீருக்கா? அவ்வாறு தாமாகவே சேர்த்தல் கூடாதென நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறி வகுத்தது. தில்லி உயர்முறைமன்றம் 2025-இல் அதனை உறுதிசெய்தது. மறுப்பாரெனின் முறையிட 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் தமிழிலேயே, சற்று உரக்கவே சொன்னேன். நண்பர் என் கையைப் பிடித்திழுத்தார், அவருக்கு நாணமாம்! மேலாளர் வந்தார், சீட்டைப் பார்த்தார், அத்தொகையை அடித்துக் கொடுத்தார். நல்ல தமிழில் வருத்தமும் தெரிவித்தார்.