பத்து முறை இரண்டாமிடம்



ஓர் அணியின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அது வென்ற கோப்பைகளை எண்ணியா? எட்டிய இறுதிப் போட்டிகளை எண்ணியா? அல்லது அண்மைக் காலத்தில் எப்படி ஆடிற்று என்பதை மட்டும் பார்த்தா? தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணியைப் பற்றி இந்த வினாவை எழுப்பினால், நம் மாநிலத்தின் எந்தத் தேநீர்க் கடையிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாதம் நடைபெறும். எங்கள் சுந்தரபாண்டியபுரத்திலும் நடைபெறுகிறது.

தென்காசிக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரைச் சூரியகாந்திப் பூக்களுக்காகப் பலர் அறிவர். 'ரோஜா' திரைப்படம் 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர், குற்றாலத்துச் சாரலுக்கு வருவோர் எங்கள் வயல்களையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவது வழக்கமாயிற்று. வயலுக்கப்பால் தரிசில் மூன்று குச்சிகளை நட்டுவைத்துப் பந்தாடும் பிள்ளைகளை எவரும் படம் பிடிப்பதில்லை. அப்பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டன்மாரும் கூடும் ஒரு திண்ணையில்தான் நான் சொல்லும் வாதம் நிகழ்ந்தது.

அதில் மூன்று கட்சிகள் இருந்தன. எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர், "1955-இல் இந்தூருக்கே போய் ஹோல்காரை மடக்கினோமே, அதற்கு ஈடு உண்டா?" என்று கேட்பவர். இளைஞர் கட்சியோ, பழங்கதை பேசிப் பயனில்லை, இருபது ஓவர் ஆட்டத்தில் தொடர்ந்து இருமுறை வென்றதே வெற்றி என்றது. மூன்றாவது கட்சியில் ஒருவரே இருந்தார். அவர் பாளையங்கோட்டையில் பயிலும் கல்லூரி மாணவர். அவருடைய கூடைப்பந்து அணி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதிப் போட்டியில் தோற்றிருந்தது. "பன்னிரண்டு முறை இறுதிக்கு வந்து பத்து முறை தோற்ற அணியைத் தோற்கும் அணி என்றுதானே ஐயா சொல்ல வேண்டும்?" என்றார். கேட்டவிதம் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு தாம் ஆடப்போவதில்லை என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகையால் இந்தக் கணக்கைச் சற்றே பொறுமையாகப் பார்க்க விரும்பினேன்.

ரஞ்சிக் கிண்ணப் போட்டி 1934-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிட்ட அவ்வாட்டத்தில் ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இவ்வளவு நல்ல தொடக்கம் வாய்த்தும் கிண்ணம் கைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1935-36-இல் தில்லியில் பம்பாயிடம் தோல்வி. 1940-41-இல் சென்னையிலேயே மகாராஷ்டிரத்திடம் தோல்வி.

பின்னர் வந்ததுதான் பெரியவர் சொல்லும் 1955. ஹோல்கார் அதற்குள் நான்கு முறை கிண்ணம் வென்றிருந்த அணி. இந்தூர் அதன் சொந்த மண். பாலு அழகனன் தலைமையில் சென்ற சென்னை அணி 46 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. சி. டி. கோபிநாத் சதம் அடித்தார். ராம்சிங்கின் மகன் கிருபால்சிங் மட்டையாலும் பந்தாலும் எதிரணியைத் திணறடித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் தம் முதல் டெஸ்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 100 எடுத்தவர் அவர். முதல் ஆட்டத்தைத் தந்தை வென்று கொடுக்க, முதல் கிண்ணத்தை மகன் வென்று கொடுத்தார் என்று சொன்னால் அது மிகையன்று. அவர்கள் சென்னையில் வாழ்ந்த சீக்கியக் குடும்பத்தினர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஹோல்கார் என்ற பெயரில் அவ்வணி ஆடிய கடைசிப் பருவமும் அதுவே. ஆகவே பெரியவர் பெருமைப்படுவதில் பிழையில்லை. ஆயினும் அப்போது பக்கத்திலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி இராஜ்ஜியத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பரில்தான் அது நம்மோடு இணைந்தது. அவ்வூரார் 1955 வெற்றியைத் தங்கள் வெற்றி என்று கொண்டாடியிருப்பார்களா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

அடுத்து, எவரும் ஏற முடியாத மதில்போல் பம்பாய் நின்றது. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள், ஒன்றுகூடத் தவறாமல், கிண்ணம் அவர்களுடையதே. 1967-68 இறுதியில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் நம்மை வென்றனர். 1973-இல் அவர்கள் சேப்பாக்கத்துக்கே வந்தனர். நான் அப்போது சிறுவன். பெரியவர்கள் அவ்வாட்டத்தைப் பற்றிப் பல நாள் புலம்பியது நினைவிருக்கிறது.

நம்மிடம் வெங்கட்ராகவன் இருந்தார்; வி. வி. குமார் இருந்தார். இருவரும் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளர்கள். ஆடுகளமும் பந்து நன்றாகத் திரும்பும் களமாக அமைந்தது. பம்பாய் 151-க்குச் சுருண்டது. களிப்புற்றிருந்தோர் அடுத்து நடந்ததைக் கண்டு வாயடைத்துப் போயினர். பத்மாகர் சிவால்கர் என்ற பம்பாய் இடக்கைச் சுழலர் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைக் கொய்தார், நாம் 80. பம்பாய் மறுபடியும் ஆடி 113 எடுத்தது. நாம் 61. மூன்றாம் நாளின் முதற்பந்தோடு ஆட்டம் முடிந்தது. தோல்வி 123 ஓட்டங்களில். இரு இன்னிங்ஸிலுமாகச் சிவால்கர் 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகள். அவருக்கு இந்தியாவின் சார்பில் ஒரு டெஸ்ட் ஆடும் வாய்ப்பும் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது விளையாட்டு வரலாற்றின் அநீதிகளுள் ஒன்று.

களம் கெட்டதால் தோற்றோம் என்று அந்நாளில் பலர் கூறினர். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. களம் இருவருக்கும் ஒன்றே. சுழலும் களத்தில் பந்து வீச நம்மவர் அறிந்திருந்தனர். அதே களத்தில் மட்டை பிடிக்க அறியவில்லை. தனக்கு வசதியான வினாத்தாளைத் தானே அமைத்துக்கொண்ட மாணவன் தேறாமற்போனதைப் போன்றது அது.

1988-இல் எஸ். வாசுதேவன் தலைமையில், அதே சேப்பாக்கத்தில், இரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸ் மற்றும் 144 ஓட்டங்களில் வென்று இரண்டாம் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றோம். முப்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது என்று மகிழ்ந்தோம். அதன்பின் இன்னொரு காத்திருப்பு தொடங்கி இன்றளவும் தொடர்கிறது. 1992-இல் தில்லியிடமும், 1996-இல் கர்நாடகத்திடமும், 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளில் மும்பையிடமும், 2012-இல் இராஜஸ்தானிடமும், 2015-இல் மீண்டும் கர்நாடகத்திடமும் இறுதியில் தோற்றோம். கடைசியாகச் சொன்னதில் கருண் நாயர் என்பவர் தனியொருவராக 328 ஓட்டங்கள் குவித்தார்; அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தோற்ற பத்து இறுதிகளுள் ஐந்து சென்னையில் நடந்தவை: 1941, 1973, 1996, 2004, 2012. வெளியூர் போய்த் தோற்றால் காற்றையும் களத்தையும் குறை சொல்லலாம். சொந்த வீட்டில் ஐந்து முறை தோற்றதற்கு என்ன சொல்வது? "நம்மவர்களுக்கு நெஞ்சுரம் போதாது" என்றார் கல்லூரி மாணவர். பலரும் அப்படித்தான் கூறுகின்றனர். எனக்கோ போட்டியின் விதிமுறையில்தான் விளக்கத்தின் பெரும்பகுதி கிடைக்கிறது. ஐந்து நாள் ஆடியும் முடிவு தோன்றாவிட்டால், முதல் இன்னிங்ஸில் மிகுதியான ஓட்டம் எடுத்தவருக்கே கிண்ணம் என்பது ரஞ்சி விதி. 1996, 2004, 2012 ஆகிய மூன்றிலும் நாம் அவ்வாறே கிண்ணத்தை இழந்தோம். 2012-இல் இராஜஸ்தான் முதலில் ஆடி, இரண்டு நாட்களுக்கு மேல் மட்டை பிடித்து 621 ஓட்டங்கள் சேர்த்தது. வினீத் சக்சேனா மட்டும் 257. மட்டைக்கு உதவும் களத்தில் இவ்விதி இருக்கும்போது, நாணயம் சுண்டுவதில் வென்றவன் அவசரப்பட வேண்டியதில்லை. மெல்ல மெல்ல எதிரியைக் களைப்பித்தாலே போதும். சேப்பாக்கம் 1973-இல் சுழன்று நம்மைக் கெடுத்தது. 2012-இல் சுழலாமல் கெடுத்தது.

நெஞ்சுரம் இல்லை என்ற குற்றச்சாட்டை மறுப்பதற்கு இளைஞர் கட்சியே எனக்குச் சான்று தந்தது. 2019 டிசம்பரில் சையது முஷ்டாக் அலிக் கோப்பையின் இறுதியில், சூரத் நகரில், கர்நாடகத்திடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது நம் அணி. மனம் உடைந்துபோகும் தோல்வி. அடுத்த போட்டியிலேயே, 2021 ஜனவரியில், பரோடாவை வென்று கோப்பையைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் மறுபடியும் கர்நாடகமே எதிரில் நின்றது. கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை. ஷாருக்கான் அதை எல்லைக்கு அப்பால் தூக்கி ஆறாக்கினார். (திரைப்பட நடிகரைச் சொல்லவில்லை, நம் அணி வீரரைச் சொல்கிறேன்.) அடுத்த ஆண்டில் விஜய் ஹசாரே போட்டியில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஜகதீசன் 141 பந்துகளில் 277 அடித்தார், ஐம்பது ஓவரில் அணி 506 எடுத்தது. உலகில் எந்த அணியும் அதுவரை ஐந்நூறைத் தொட்டதில்லை. நெஞ்சுரம் இல்லாதவர் செய்யக்கூடிய காரியங்களா இவை?

ஆனால் இளைஞர்கள் இவற்றை ரஞ்சிக் கணக்கோடு கூட்டிக் காட்ட முயன்றபோது நான் தடுத்தேன். கணிதத்தில் எடுத்த மதிப்பெண்ணைத் தமிழில் சேர்க்க முடியாது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் பத்து நிமிடத்தில் வெற்றியைப் பறித்துவிடலாம். ஐந்து நாள் ஆட்டத்தில் பதினொருவரும் பல மணி நேரம் சோராமல் நிற்க வேண்டும். குறுகிய ஆட்டத்தில் நாம் செழித்ததற்கு ஒரு காரணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களைச் சென்னைக்கு வெளியே, திருநெல்வேலிச் சங்கர் நகருக்கும் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்துக்கும் கொண்டு சென்றது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் அந்த லீக்கில் பெயர் பெற்றவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். எங்கள் பிள்ளைகளுக்குச் சங்கர் நகர் பேருந்தில் போய்வரும் தூரம். சேப்பாக்கமோ ஓர் இரவு இரயில் பயணம். எனினும் அந்த லீக்கில் ஆடப்படுவது இருபது ஓவர் ஆட்டம். பழக்கமும் அதிலேயே உண்டாகிறது. நெடிய ஆட்டத்துக்கு அவ்வளவு பரந்த பயிற்சிக்களம் ஏற்பட்டால் நன்றாயிருக்கும் என்பது என் விருப்பம்.

2024 மார்ச்சில் நம் அணி ஏழு ஆண்டுகளுக்குப் பின் ரஞ்சி அரையிறுதிக்கு வந்தது. தலைவர் சாய் கிஷோர் அந்தப் பருவத்தில் 53 விக்கெட்டுகள் வீழ்த்தி, நாட்டிலேயே முதலிடம் பெற்றவர். மும்பையில் நாணயம் சுண்டலில் வென்று முதலில் ஆடுவது என்று அவர் முடிவு செய்தார். காலை ஈரப்பதம் பந்து வீச்சுக்கு உதவ, அணி 146-க்கு ஆட்டமிழந்தது. மும்பையும் ஏழு விக்கெட்டுகளுக்கு 106 என்று தள்ளாடிற்று. அந்நிலையில் ஷர்துல் தாக்குர் வந்து 109 அடித்து, 378 வரை கொண்டுபோய்விட்டார். இன்னிங்ஸும் 70 ஓட்டமுமாகத் தோற்றோம். தோல்விக்குப் பின் பயிற்சியாளர் தலைவரின் முடிவை வெளிப்படையாகக் குறை கூறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பேச்சு ஆசிரியர் அறைக்குள் நடந்திருக்க வேண்டியது. இறுதிக்குப் போன மும்பை அவ்வாண்டு தன் 42-ஆவது கிண்ணத்தை வென்றது.

நாற்பத்திரண்டுக்கு முன் இரண்டு என்பது சிறிய எண்தான். கர்நாடகத்துக்கு எட்டு, தில்லிக்கு ஏழு. கோப்பையை மட்டும் எண்ணினால் நாம் முதல் வரிசையில் இல்லை; பெரியவரிடம் இதைச் சொல்லத் தயங்கவில்லை. எனினும் இறுதிக்கு வரும் அணி அதற்கு முந்தைய சுற்றுகளைக் கடந்தே வருகிறது. பன்னிரண்டு பருவங்களில் அவ்வாறு வந்த அணியைத் தோற்கும் அணி என்பது சொல்லை அதன் பொருளுக்கு மாறாக வழங்குவதாகும்.

மாணவருக்கு இது மனநிறைவு அளிக்கவில்லை. எனவே மலைக்கு அந்தப்புறத்தைக் காட்டினேன். செங்கோட்டையில் இரயிலேறி ஆரியங்காவுக் குகையைக் கடந்தால் கேரளம். 1957-58 முதல் அந்தப் பெயரில் ரஞ்சியில் ஆடிய கேரள அணி ஒருமுறையேனும் இறுதியைக் கண்டதில்லை. 2025 பிப்ரவரியில் ஜம்மு–காஷ்மீரை முதல் இன்னிங்ஸில் ஒரே ஓட்டத்தில் முந்தி அரையிறுதிக்கு வந்தது. அங்கே குஜராத்துக்கு எதிராக 457 எடுத்தது. குஜராத் 455-இல் நின்றது. கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற தடுப்பாளர் சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் பட்டு எகிறி, தலைவர் சச்சின் பேபியின் கைகளில் போய் விழுந்தது. இரண்டே ஓட்ட முன்னிலை!

நாகபுரியில் நடந்த இறுதியில் விதர்ப்பம் 379. கேரளம் அதை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தபோது சச்சின் பேபி 98-இல் ஆட்டமிழந்தார். அணி 342-இல் முடிந்தது. ஆட்டம் சமனாகி, 37 ஓட்ட முன்னிலைக்காக விதர்ப்பம் கிண்ணத்தைப் பெற்றது. இரண்டாமிடம் பெற்றுத் திரும்பிய அந்த அணிக்குத் திருவனந்தபுரத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள்.