தர்மாஸ்பத்திரியும் சட்டமும்



நம் கரிசல் ஊர்களில் பெரியவர்கள் அரசு மருத்துவமனையை இன்றும் தர்மாஸ்பத்திரி என்பார்கள். தர்மம் வாங்கப் போனவர் கணக்குக் கேட்க முடியுமா? கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட நம் சனங்களின் வாயை அந்தச் சொல்லே அடைத்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த நினைவுரையில் பேசப் போகிறேன்.

குளத்தூரிலிருந்து கோவில்பட்டியைத் தாண்டிப் போனால் சாத்தூர். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் அவரே முன்வந்து தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றி முடித்துவிட்டார்கள். 2016இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தது, அவருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. மனமுடைந்து நஞ்சருந்திய அந்தப் பையன் டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்துபோனார்.

பரிசோதிக்க வேண்டியவர்கள் பரிசோதிக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பொறுப்பை உணர்ந்து தானாகப் பேசியவர் அந்த ஏழைப் பிள்ளை ஒருவர்தான்.

2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் அரசு வேலையும் தரச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு ஏன் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும்? 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்களை வெளியே விட்டது. பில் வைத்திருப்பவருக்கு மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையம். ஓ.பி. சீட்டு வைத்திருப்பவருக்கு சிவில் வழக்கு, இல்லையென்றால் மதுரை. காசில்லாதவருக்குத்தான் நீதி தூரமாக இருக்கிறது.

தூரம்தான், ஆனால் வழி இருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்த விவசாயக் கூலி ஒருவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவது, பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்தியது ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம். கருத்தடை அறுவை முழுமையாகச் செய்யப்படாததால் மீண்டும் கருவுற்ற ஹரியானா கூலிப்பெண் சாந்த்ராவின் வழக்கில், மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

ஆகவே தவறு நடந்தால் கண்ணாடியை உடைக்காதீர்கள். வழக்கு நம்மீது திரும்பும். அந்த நர்சும் நம்மைப் போல ஒரு கூலிக்காரிதான். எழுத்தில் மனுக் கொடுத்து கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாவு என்றால் அடக்கம் செய்யுமுன் உடற்கூறாய்வு கேளுங்கள். படித்த மாணவர்கள் அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு நீங்கள்தான் முதல் வக்கீல்.

அது தர்மமல்ல. தீப்பெட்டி ஒட்டுகிறவளும் மிளகாய் பறிக்கிறவளும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டிய வரி. அந்தப் பிள்ளை யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னான். அரசை நாம் கேட்டுத்தான் சொல்லவைக்க வேண்டும். கேட்போம்.