செடி வாங்கப் போகும் முன் பால்கனியைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் ஜூலை மாத உறுப்பினர் கூட்டத்தில் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடி பிறக்கப் போகிறது. உங்களில் பலர் நர்சரிக்குப் புறப்படுவீர்கள். நம் சங்கமும் முன்வாசல் தொட்டிகளுக்கு மறுபடியும் செடி வாங்கப் போகிறது. போன முறை வாங்கியதில் பாதிக்கு மேல் பட்டுப்போனது எல்லோருக்கும் தெரியும். அது நாம் கட்டிய பராமரிப்புப் பணம். அதனால்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் என் கதை. ஓய்வு பெற்ற வருடம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில், பூத்துக் குலுங்கிய ஆறு ரோஜாச் செடிகளை ஒரே நாளில் வாங்கி வந்தேன். ஆட்டோ கூலியோடு 2,000 ரூபாய். அது மே மாதம். என் பால்கனியோ மேற்குப் பார்த்தது. மூன்றே வாரத்தில் ஆறும் குச்சியாகிவிட்டன. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று புலம்பினேன். நம் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "செடி மேல தப்பு இல்லம்மா. நிழல்வலைக்குக் கீழ வளர்ந்ததைக் கொண்டுவந்து நேரா வெயில்ல நிறுத்திட்டீங்க" என்றார்.

கடையில் பேரம் பேசி இருபது ரூபாய் குறைக்கிறோம். வீட்டில் முந்நூறு ரூபாய்ச் செடியைச் சாக விடுகிறோம். செத்துப்போகும் செடிதான் இருப்பதிலேயே விலை அதிகமான செடி.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பால்கனியில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் இருந்தால் ரோஜா, மல்லி, செம்பருத்தி, மிளகாய், கத்தரி வரும். இரண்டு மூன்று மணி நேரம் என்றால் புதினா, கற்பூரவல்லி. வெளிச்சம் மட்டும்தான் என்றால் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட்.

கடையில் பூவைப் பார்த்து மயங்காதீர்கள். பூத்து முடியப்போகும் செடியைவிட, மொட்டும் புதுத் துளிரும் உள்ள செடி மேல். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. வீட்டில் இருக்கும் மற்ற செடிகளையும் பிடித்துக்கொள்ளும். ரோஜாவில் ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே துளிர் இருக்க வேண்டும். கீழேயிருந்து வருவது காட்டு ரோஜா. நம் சென்னை வெயிலைப் பன்னீர் ரோஜா நன்றாகத் தாங்கும்.

பீங்கான் தொட்டியோடு விற்பதை விட்டுவிட்டு, அதே செடி கறுப்புப் பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்நேக் பிளான்ட், கற்றாழை போன்றவற்றில் பக்கக் கன்றுகள் நிறைய உள்ள ஒரே தொட்டியை வாங்கினால், பிரித்து மூன்றாக வைக்கலாம். பழச் செடி ஒட்டுக்கன்று வேண்டுமானால், மாதவரத்தில் உள்ள தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் முதலில் விலை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயில், அதன் பிறகுதான் முழு வெயில். ஏப்ரல், மே மாதங்களில் வாங்கவே வேண்டாம்.

மண் கலவையைப் பாக்கெட்டில் வாங்குவதும் வீண்செலவு. செம்மண், மண்புழு உரம், ஊறவைத்து அலசிய தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒரு வீட்டுக்கு அதிகம். நான்கு வீடு சேர்ந்து வாங்கலாம். பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டால் அதுவே தொட்டி.

கடைசியாக, காசு கொடுத்து வாங்கவே தேவையில்லாத செடிகள். கற்பூரவல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை, மணி பிளான்ட் எல்லாம் ஒரு குச்சியிலிருந்தே வரும். சமையலுக்கு வாங்கும் புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி எத்தனை கன்றுகள் முளைத்திருக்கின்றன, பார்த்தீர்களா? நாம் அவற்றை மிதித்துக்கொண்டு போய், கடையில் கறிவேப்பிலைக் கன்று வாங்குகிறோம்.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். முன்வாசலுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை காவலர் அறை அருகே ஒரு மேசை போடுவோம். அவரவர் வீட்டில் மிகுதியாக இருக்கும் கன்று, குச்சி, விதை, காலித் தொட்டியைக் கொண்டுவந்து வையுங்கள். வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தொட்டிக்கு எது ஏற்றது என்று நம் தோட்டக்காரரைக் கேட்டு முடிவு செய்வோம். போன முறை அவரை யாரும் கேட்கவில்லை. மிச்சத்துக்கு மட்டும் நர்சரிக்குப் போகலாம்.

என் பால்கனியில் இப்போது பன்னீர் ரோஜா இரண்டு இருக்கின்றன. இரண்டும் 'பி' பிளாக்கில் ஒரு தோழி வெட்டிக் கொடுத்த குச்சிகள். ஞாயிற்றுக்கிழமை நானும் குச்சி கொண்டு வருகிறேன். வாருங்கள்.