போனைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி

(நம் சங்கத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஏ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் நடந்த சண்டையை எல்லோரும் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து போனை நோண்டுகிறார்கள் என்று ஒரு அக்கா ஆரம்பித்தார். கீழே விளையாடும் இடத்தில் போனுக்கே தடை போட வேண்டும் என்பதில் போய் முடிந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் இந்த வயசுலயும் கேம் ஆடுறீங்களே, பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். பாராட்டா குத்தலா தெரியவில்லை. ஆனால் ஆடுகிறேன் என்பது உண்மை.

நம் குடியிருப்பில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஆடுவது ஒரே பிஜிஎம்ஐ. நம் வீடுகளில் இன்னும் பப்ஜி என்றுதான் சொல்கிறோம். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது, 2021இல் பெயர் மாறி வந்தது, 2022இல் மறுபடி நிறுத்தினார்கள், 2023இல் திரும்பி வந்தது. அந்தக் கதை இருக்கட்டும். முதல் பையனுக்குக் கடைசி வரை உயிரோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. இரண்டாவது பையன் சரியாகச் சுடவே மாட்டான். ஏதாவது ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, திருப்பூருக்கு மாறிப் போன தன் கூட்டாளியோடு பேசிக்கொண்டிருப்பான். மிஸ் திட்டியது, மழை பெய்தது, பரோட்டா சாப்பிட்டது, இதுதான் பேச்சு.

இந்த இரண்டாவது பையனின் அப்பா அந்த கேமை நீக்கிவிட்டு, செஸ் ஏற்றிக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். துப்பாக்கி இல்லை, மூளைக்கு வேலை. பையன் நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் மாடிப்படியில் இன்னொருவன் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். செஸ்ஸில் குறை ஒன்றும் இல்லை. அதில் திருப்பூர்க் கூட்டாளி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கேமுக்கு மாற்றுத் தேடும்போது நாம் பார்ப்பது அதன் வெளித்தோற்றத்தை. சுடுகிற கேமா, வண்டி ஓட்டுகிற கேமா, கட்டம் அடுக்குகிற கேமா? போனில் இருக்கிற கடையும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது. ஆடுகிற ஆள் எதற்காக ஆடுகிறான் என்பது அந்த அலமாரியில் எழுதியிருக்காது.

நான் நரிக்குடிக்காரன். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இந்த உதாரணம் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றிவிட்டால் அந்தக் கண்மாய் முழுக்க எங்கள் மைதானம். கிட்டிப்புள் ஆடுவோம். ஒருவனுக்குப் புள்ளை எவ்வளவு தூரம் அடித்தோம் என்ற கணக்குதான் முக்கியம். ஒருவன் அடிப்பதைவிடப் பேச்சுக்கு வருவான், அளப்பதில் தகராறு வந்தால் அவன்தான் நாட்டாமை. ஒருவன் புள்ளைத் தேடுகிறேன் என்று சீமைக்கருவேலத்துக்குள் நுழைந்தால் அரை மணி நேரம் ஆளைக் காணாது, காடை முட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவான். இன்னொருவன் தோற்றவனை அழவிடுவதற்கென்றே வருவான். ஆட்டம் ஒன்று, வந்த காரியம் நாலு.

தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் ஆட்டங்களை ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்திருப்பார். தெருவிளக்கு இல்லாத காலத்துக்கு அது சரியான பிரிவு. இருட்டில் கிட்டிப்புள் ஆடினால் பல் போகும்.

எதற்காக ஆடுகிறார்கள் என்று பிரித்தவர் இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் பார்ட்டில். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா என்ற மாணவர் மட் என்று ஒரு கேம் எழுதத் தொடங்கினார், பார்ட்டில் அதில் சேர்ந்துகொண்டார். படமே கிடையாது, வெறும் எழுத்து. ஆனால் பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ஆடலாம். சில ஆண்டுகள் கழித்து, மூத்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது: இந்த கேமில் மனிதர்களுக்கு அப்படி என்னதான் வேண்டும்? மாதக்கணக்கில் ஓடிய அந்த விவாதத்தைத் தொகுத்து, 1996இல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டைப் போல நாலாகப் பிரித்தார். நம்மூர்ச் சீட்டு மொழியில் சொன்னால், புதையலும் மதிப்பெண்ணும் சேர்ப்பவன் டைமன். தோண்டித் துருவிப் பார்ப்பவன் ஸ்பேடு, ஆங்கிலத்தில் அதற்கு மண்வெட்டி என்றும் பொருள். பேசிப் பழக வருபவன் ஆட்டின். அடுத்தவனை அடித்து மகிழ்பவன் கிளாவர், ஆங்கிலத்தில் அதன் பெயருக்குத் தடி என்று பொருள். என் கண்மாய்க் கூட்டாளிகள் நாலு பேரும் அதில் இருக்கிறார்கள்.

பார்ட்டில் எழுதியது அந்த மாதிரி கேம்களை மட்டும் வைத்து. அதற்குப் பிறகு நிக் யீ என்ற ஆராய்ச்சியாளர் இதே கேள்வியைக் கருத்துக்கணிப்பாகவே நடத்தினார். 2015இல் அவரும் நிக்கோலஸ் டுஷெனோ என்பவரும் சேர்ந்து குவான்டிக் ஃபவுண்ட்ரி என்று ஒரு நிறுவனம் தொடங்கி, லட்சக்கணக்கான ஆட்டக்காரர்களின் பதில்களைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு ஈர்ப்புகள் கிடைத்தன, அவை ஆறு ஜோடிகளாக விழுந்தன: அடித்து நொறுக்குவதும் பரபரப்பும், போட்டியும் கூட்டும், சவாலும் வியூகமும், எதையும் மிச்சம் வைக்காமல் முடிப்பதும் பலம் சேர்ப்பதும், வேறொரு உலகத்தில் வாழ்வதும் கதையும், புதிதாக உருவாக்குவதும் துருவிப் பார்ப்பதும். ஒரே ஆளுக்குள் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், அளவுதான் வேறு. அதனால் உன் பையன் கிளாவர், என் பையன் ஆட்டின் என்று முத்திரை குத்திக்கொண்டு லிஃப்டில் சண்டை போடாதீர்கள்.

அவர்கள் கண்டதில் எனக்குப் பிடித்தது ஒன்று. வயது ஏற ஏறப் போட்டி போடும் ஆசைதான் மிக வேகமாகக் குறைகிறது. வியூகம் வகுக்கும் ஆசை அப்படிக் குறைவதில்லை. எங்கள் ஊரில் கோயில் மண்டபக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் செதுக்கியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டும், ஆடு சேர்ந்து நின்று புலியை அசையவிடாமல் கட்டும். அங்கே உட்கார்ந்து ஆடியவர்கள் எல்லாம் தாத்தாக்கள். கிட்டிப்புள் பக்கம் அவர்கள் வந்ததே இல்லை. முட்டி வலி ஒரு காரணம், அது மட்டும் காரணம் இல்லை போலிருக்கிறது.

சரி, எப்படித் தேடுவது? "ஏன்டா இதையே ஆடுற?" என்று கேட்டால் பிள்ளை வாயே திறக்காது, அது கேள்வி இல்லை, திட்டு. "நேத்து ஆடுனதுல எந்த இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். ஜெயிச்சேன் என்கிறானா, கட்டினேன் என்கிறானா, கண்டுபிடிச்சேன் என்கிறானா, பேசிக்கிட்டிருந்தோம் என்கிறானா? கேம் பெயரை விட அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

மைன்கிராஃப்ட் ஆடும் ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டேன். "பாலம் கட்டுனேன் அங்கிள், இடிச்சுட்டு இன்னொண்ணு கட்டுனேன்" என்றாள். கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று அவள் அம்மா கட்டங்களை வரிசையில் பொருத்தும் இன்னொரு கேமைக் காட்டியிருக்கிறார். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அதில் இவள் சொந்தமாகக் கட்ட ஒன்றுமே இல்லை, சலித்துவிட்டது. இந்த மார்கழியில் பதினைந்து புள்ளிக் கோலத்துக்கு நடுவில் புதிதாக ஒன்றை அவளையே போடச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒரே ஆசை. மாற்று போனுக்குள்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

டி பிளாக் ஐயா ஒருவர், ரிட்டயர்டு ஆசிரியர், பொழுது போகவில்லை என்றார். பேரன் கேண்டி க்ரஷ் போட்டுக் கொடுத்தானாம், பிடிக்கவில்லை. சின்ன வயதில் என்ன ஆடுவீர்கள் என்று கேட்டால் ஆடுபுலி என்றார். அவருக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 காட்டினேன். 1999இல் வந்த கேம், 2022இல் அதில் இந்திய அரசுகளைச் சேர்த்தபோது ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் வந்தது. சுட்டியைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. இப்போது நான் போன் செய்தால், "கப்பல் கட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்கிறார்.

கதைக்காக சீரியல் பார்ப்பவர்களுக்கு 'வெண்பா' என்று ஒன்று சொல்கிறேன். டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற குழு செய்து 2023இல் வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மாவின் கதை. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருது 2024இல் அதற்குத்தான். ஆட்டம் என்று பார்த்தால் சமையல்தான்: கிழிந்துபோன குறிப்பேட்டைப் பார்த்து இட்லி ஊற்ற வேண்டும், ஆவி மேலே போகும்படி தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நம் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பார்கள். ஒரு படம் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இவ்வளவு நேரம் சொன்ன இந்த வழி ஓர் இடத்தில் செல்லாது. பணம் வைத்து ஆடுவதில். ரம்மியில் ஒருவர் மாட்டிக்கொண்டால், அவருக்கு என்ன ஈர்ப்பு என்று கேட்டு அதே மாதிரி வேறு ஒன்றைத் தேடிக் கொடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் அவரும் வியூகத்துக்கோ கூட்டத்துக்கோதான் வந்திருப்பார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்த பிறகு அந்த ஆசைகள் எல்லாம் பின்னால் போய்விடும். அதே மாதிரி இன்னொன்று என்றால் இன்னொரு கடன்தான். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் இதற்கென்று சட்டம் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றின் மேலிருந்த தடையை எடுத்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்று விதிகள் வந்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. அதனால் டெலிகிராம் லிங்க் வழியாக இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். வீட்டில் யாராவது மாட்டியிருந்தால் மறைக்க வேண்டாம். 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைகள் கேமிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். காசு கொடுத்துப் பெட்டி வாங்கு, உள்ளே சட்டையா துப்பாக்கித் தோலா என்பது உன் அதிர்ஷ்டம் என்கிற சங்கதி. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. உங்கள் யுபிஐ கணக்கை ஒரு தடவை பாருங்கள்.

திருப்பூர்க் கூட்டாளி விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த அப்பாவிடம் பேசினோம். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை இரண்டு பேரும் மைன்கிராஃப்டில் ஒரே உலகத்தில் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள். சில நாள் கேமையே திறப்பதில்லை, வீடியோ காலில் பேசிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். முதல் பையனுக்கு இது ஆகாது. அவனுக்கு ஜெயிக்க ஆள் வேண்டும். அவனை நான் கேரம் போர்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், தினமும் என்னை அடித்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் போன் தடைத் தீர்மானத்தை இன்றைக்கு நிறைவேற்ற வேண்டாம், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் அலுவலக மேசையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் கேமில் பிடித்த இடத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், பிளாக் மட்டும் போதும். அதைப் பார்த்து, கீழ் ஹாலில் சனிக்கிழமை என்னென்ன வைக்கலாம் என்று முடிவு செய்வோம். ஆடுபுலிக் கட்டத்தை ஒரு பலகையில் வரைந்து தர ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். கேரம் போர்டுக்குப் பவுடர் தீர்ந்துவிட்டது, பொருளாளர் கவனிக்கவும். ஸ்ட்ரைக்கரையும் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.