பக்கத்து அறையில் இருப்பவர் யார்?

(மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வெளியே வரும்போது, கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! மகனுக்கு வடக்கே பெரிய யுனிவர்சிட்டியில இடம் கெடச்சிருக்கு. துஆச் செய்யுங்க" என்றார். மகன் பக்கம் திரும்பி, "வகுப்பு, ரூம், பள்ளிவாசல். இந்த மூணைத் தவிர நாலாவது இடத்துக்குப் போகக் கூடாது. சங்கம், கழகம்னு எவன் கூப்பிட்டாலும் காது கேக்காத மாதிரி வந்துடு" என்றார். நானும் தலையாட்டி, "வாப்பா சொல்றபடி நடங்க தம்பி" என்று அனுப்பி வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து விடுமுறையில் அந்தத் தம்பி வந்தார். மதிப்பெண் நன்றாக இருந்தது. தொழுகையும் விடவில்லை, மாஷா அல்லாஹ்! "அங்கே உங்களுக்குச் சிநேகிதர்கள் யார் தம்பி?" என்று கேட்டேன். "நம்ம பக்கத்துப் பசங்க நாலு பேர் ஹஜ்ரத். நாங்க நாலு பேரும் ஒண்ணாவே இருப்போம்" என்றார். "பக்கத்து அறையில் யார் இருக்கிறார்?" என்றேன். "யாரோ பீகார்க்காரர். பேர் தெரியாது" என்றார்.

சகோதரர்களே! ஒரு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். ஒரே பள்ளியில் தோளோடு தோள் சேர்ந்து தொழுதிருக்கிறார்கள். பெயர் தெரியாது! அன்றுதான் நான் கொடுத்த அறிவுரை எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குப் புரிந்தது. அந்தத் தவறைத் திருத்திக் கொள்வதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் மதரஸாவில் ஓதியவன். பல்கலைக்கழகத்தில் படித்தவனில்லை. ஆனால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மாணவர் வாழ்க்கை ஒரு சமுதாயத்தை எப்படித் தூக்கி நிறுத்தும், எப்படிக் கீழே தள்ளும் என்பதற்கு நம் கண் முன்னே ஒரு வரலாறு இருக்கிறது. அதுதான் அலிகார்.

கட்டடத்திற்கு முன்பே விடுதி பற்றிய கனவு

1857-க்குப் பிறகு நம் சமுதாயம் எந்த நிலையில் கிடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். சர் சையத் அஹ்மத் கான் 1869-ல் இங்கிலாந்து போனார். அங்கே அவர் பார்த்தது பாடப் புத்தகங்களை மட்டுமா? இல்லை. மாணவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக விளையாடி, ஒருவரோடு ஒருவர் வாதம் செய்து வளரும் முறையைப் பார்த்தார். திரும்பி வந்து 1875-ல் அலிகாரில் பள்ளியைத் தொடங்கினார். 1877-ல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1920-ல் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று 1,155 ஏக்கரில் பரந்து கிடக்கிறது.

அவருடைய கொள்கைகளில் நம் உலமாக்கள் பலருக்கு உடன்பாடு இல்லை. அது வேறு விஷயம். ஆனால் வகுப்பறை பாதி, விடுதி பாதி என்று அவர் திட்டமிட்டாரே, அந்தத் தொலைநோக்கை யாரும் மறுக்க முடியாது. இன்றும் அங்கே ஒவ்வொரு மாணவரும் ஏதாவதொரு 'ஹால்' என்னும் விடுதிக் குழுமத்தில் சேர்க்கப்படுகிறார். வெளியிலிருந்து வந்து படிப்பவர்களுக்கும் அதற்கென ஒரு மையம் உண்டு. எந்த ஹாலும் இல்லாத அனாதையாக ஒருவரும் இல்லை.

அந்தக் கல்லூரியின் ஸ்ட்ராச்சி ஹால் சுவர்களைப் பாருங்கள். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முஸ்லிம்களின் பெயர்களும் இருக்கின்றன, இந்துக்களின் பெயர்களும் இருக்கின்றன.

நாவைப் பழக்கிய மன்றம்

1884-ல் அங்கே மாணவர் மன்றம் அமைந்தது. முதல் முதல்வரின் பெயரால் 'சிட்டன்ஸ் யூனியன் கிளப்' என்று அழைக்கப்பட்டது. 1883-ல் கல்லூரி முதல்வராக வந்த தியோடர் பெக், கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். அதே முறையை இங்கே கொண்டு வந்தார். ஒரு தலைப்பு வைப்பார்கள். ஆதரித்து ஒருவர் பேசுவார், எதிர்த்து ஒருவர் பேசுவார். கடைசியில் வாக்கெடுப்பு. தோற்றவர் அமைதியாக உட்கார வேண்டும்.

தம்பிமார்களே! இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் மதரஸாவிலும் வியாழன் இரவு மாணவர் மன்றம் நடக்கும். முதல் முறை எழுந்து நின்றபோது என் முழங்கால் ஆடியது. ஹம்து ஸலவாத்தோடு பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உஸ்தாது மட்டும் "அடுத்த வாரமும் நீதான்" என்றார். அந்த வியாழக்கிழமைகள் இல்லாவிட்டால் இன்று நான் இந்த மேடையில் இல்லை. எதிர்த்துப் பேசுபவனைப் பகைவனாகப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகுவது ஒரு பயிற்சி. அது புத்தகத்தில் வராது. சபையில்தான் வரும்.

விளையாட்டும் அப்படித்தான். அலிகாரில் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மாணவர் யார் தெரியுமா? பின்னாளில் கிலாஃபத் இயக்கத்தில் தம்பி முஹம்மது அலியோடு சேர்ந்து நாட்டையே உலுக்கிய மௌலானா ஷவ்கத் அலி! 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடி, 1984-ல் அணித் தலைவராக இருந்த ஜஃபர் இக்பாலும் அலிகார் மாணவரே.

நஃபில் அல்ல, ஃபர்ளு!

இவை எல்லாவற்றையும் விட என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு சங்கம். 1890 வாக்கில் சாஹிப்ஜாதா அஃப்தாப் அஹ்மத் கான் என்ற இளைஞர் சில தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் 'அஞ்சுமனுல் ஃபர்ள்'. ஆங்கிலத்தில் 'டியூட்டி சொசைட்டி' என்பார்கள்.

என்ன வேலை? விடுமுறை வந்தால் மற்ற பையன்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுப்பார்கள். இந்தப் பையன்கள் ஊர் ஊராகப் போய்க் கையேந்துவார்கள். தங்களுக்காகவா? இல்லை! கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் ஏழை மாணவருக்காக. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், மரியாதையோடு வளர்ந்தவர்கள், முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். ஸுன்னத் என்று வைக்கவில்லை, நஃபில் என்று வைக்கவில்லை. ஃபர்ளு என்று வைத்தார்கள்! உடன் படிக்கும் ஏழை மாணவனைக் கைதூக்கி விடுவது, மனம் வந்தால் செய்யும் காரியமல்ல, கட்டாயக் கடமை என்று அந்த வயதிலேயே தீர்மானித்தார்கள். அந்த அஃப்தாப் அஹ்மத் கான் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஏழை மாணவருக்கு உதவும் அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அலிகாரில் படித்தவர்கள் இன்னொரு பழக்கத்தையும் சொல்வார்கள். ஷம்ஷாத் மார்க்கெட் தேநீர்க் கடையில் மூத்த மாணவரும் இளைய மாணவரும் உட்கார்ந்தால், காசு கொடுப்பவர் மூத்தவர். இளையவர் மூத்தவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும், மூத்தவர் இளையவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளை அடித்து மிரட்டி அதற்கு 'ராகிங்' என்று பெயர் வைக்கிறார்களே, அவர்கள் இந்தத் தேநீரைப் பார்த்துப் படிக்கட்டும்.

கறுப்பு ஷெர்வானி உண்டு. மாணவராக இருந்த கவிஞர் மஜாஸ் 1936-ல் எழுதிய கவிதை பல்கலைக்கழகப் பாடலாக ஒலிக்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 17-லும் சர் சையத் தினம். உலகில் எங்கெல்லாம் பழைய மாணவர்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் அன்று விருந்து. நல்லதுதான். ஆனால் ஷெர்வானியும் பாட்டும் பிரியாணியும் பற்றின் அடையாளங்கள். அந்தக் கையேந்திய பையன்கள்தான் பற்றின் உயிர்.

இந்தப் பற்று கண்மூடித்தனமானதா? அதுவும் இல்லை. 1920-ல் ஒத்துழையாமை அழைப்பு வந்தபோது, தாங்கள் உயிராய் நேசித்த கல்லூரியை விட்டே ஒரு பகுதி மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறினார்கள். அக்டோபர் 29 அன்று அலிகார் பள்ளிவாசலில் தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) தலைமையில் ஜாமிஆ மில்லிய்யா உருவானது. வெளியேறிய இளைஞர்களில் ஒருவர் 1967-ல் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன்.

கசப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும்

புகழ் பாடிவிட்டு இறங்கிப் போக நான் வரவில்லை. 2016 ஏப்ரலில் அதே வளாகத்தில் என்ன நடந்தது? ஊர்வாரியாகப் பிரிந்த இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டன. இரண்டு இளைஞர்கள் மௌத்தானார்கள். இரண்டு பக்கமும் ஸலாம் சொல்பவர்கள், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள்! இதற்குப் பெயர்தான் அஸபிய்யத். நம் மார்க்கம் காலடியில் போட்டு மிதித்த குலவெறி, ஊர்வெறி.

யோசித்துப் பாருங்கள். "நாங்க நாலு பேரும் ஒண்ணாவே இருப்போம்" என்ற நம் ஊர்த் தம்பியின் பேச்சும் அதே விதையிலிருந்து முளைத்ததுதான். அது முளையாக இருக்கும்போது பாசமாகத் தெரியும். மரமானால் கத்தி எடுக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 1906-ல் ஷேக் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் எவ்வளவோ எதிர்ப்புக்கிடையே அலிகாரில் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். 1920-ல் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக அமர்ந்தவரே ஒரு பெண்மணி, போபால் சுல்தான் ஜஹான் பேகம். அப்படிப்பட்ட இடத்தில் 2014-ல், பட்டப் படிப்பு மாணவிகள் மத்திய நூலகத்துக்குள் நுழைய அனுமதி கேட்டுப் போராட வேண்டியிருந்தது! இட நெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வழி திறந்தது. படிக்க வந்த பிள்ளைக்கு நூலகக் கதவைத் திறக்க நீதிமன்றம் வர வேண்டுமா? வேதனைக்குரிய விஷயமில்லையா? 2024-ல் ஒரு பெண்மணி அங்கே துணைவேந்தராக வந்துவிட்டார் என்பது ஆறுதல்.

மாணவர் பேரவைக்கு 2018 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. 2019 டிசம்பர் 15 இரவில் வளாகத்துக்குள் போலீஸ் புகுந்தபோது மாணவர் சார்பில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாவுகள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதை நாடு பார்த்தது. மன்றத்தை மூடினால் கலகம் ஒழியும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேசும் இடத்தை மூடினால் முணுமுணுக்கும் இடம் பெருகும், அவ்வளவுதான்.

நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

"அது வடநாட்டுக் கதை" என்று நினைக்கிறீர்களா? சர் சையத் தொடங்கிய கல்வி மாநாடு 1901-ல் சென்னையில் கூடியது. அடுத்த ஆண்டே தென்னிந்திய முஹம்மதியக் கல்விச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் 1951-ல் புதுக்கல்லூரியைத் தந்தது. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி. இவற்றைக் கட்டிய பணம் அரசர் வீட்டுப் பணமா? தோல் மண்டியிலும் கடைவீதியிலும் வியர்வை சிந்திய உங்கள் பாட்டனார்களின் பணம்!

ஆகவே தம்பிமார்களே, பெரிய கல்லூரிகளுக்குப் போகும் உங்களுக்கு நான்கு விஷயங்கள்:

முதலாவது, போன முதல் வாரத்திலேயே பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், உங்கள் உம்மா கட்டிக் கொடுத்ததில் ஒரு பங்கு கொடுங்கள்.

இரண்டாவது, நாவுக்கு ஒரு கழகம், உடலுக்கு ஒரு கழகம். இரண்டு போதும். பத்தில் சேர்ந்து படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க்கம் அனுமதிக்காத கேளிக்கைக்கு அழைத்தால் மரியாதையோடு விலகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தொழுகை நேரத்தைக் கூச்சமில்லாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் கூட்ட நேரத்தை மாற்றி வைப்பார்கள். நாம் சொல்லாமல் இருந்துவிட்டு அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

நான்காவது, நீங்கள் சேரும் சங்கம் அதில் உறுப்பினராக இல்லாத யாருக்காவது பயன்படுகிறதா என்று பாருங்கள். பயன்பட்டால் அது அஞ்சுமன். இல்லாவிட்டால் அது வெறும் கூட்டாளிக் கூட்டம்.

வணிகப் பெருமக்களே! மகன் போனில் பேசினால் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "இந்த வாரம் யாருக்கு உதவினாய்?" என்றும் கேளுங்கள். உதவித் தொகை கொடுங்கள். ஜகாத் பெறத் தகுதியானவருக்கு அதிலிருந்து கொடுங்கள். மற்றவருக்கு அழகிய கடனாகக் கொடுங்கள். "சம்பாதிக்கத் தொடங்கியதும் இதை எனக்குத் திருப்பித் தராதே, இன்னொரு மாணவனுக்குக் கொடு" என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த ஜவுளிக் கடைக்காரரின் மகன் திரும்பிப் போகும் நாளன்று, நானே ரயிலடிக்குப் போனேன். "தம்பி, போன வருஷம் நான் சொன்னது தவறு. போனதும் அந்தப் பீகார்க்காரரின் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்" என்றேன். அவருடைய வாப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து நாளில் தகவல் வந்தது. அந்த மாணவர் தகப்பனை இழந்தவராம். அந்தப் பருவத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஊருக்கே திரும்பிவிட மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். கடிதத்தின் கடைசியில் தம்பி எழுதியிருந்தார்: "வாப்பாகிட்ட நீங்களே பேசுங்க ஹஜ்ரத்."

பேசினேன். அந்த வாப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லாப் பெட்டியைத் திறந்தார்.

நாளை நம் பிள்ளைகள் போகும் இடங்களிலும் அப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார். அவருடைய பெயரைக் கேட்கும் பிள்ளைகளாக அல்லாஹ் நம் பிள்ளைகளை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.