குருதியில் எஞ்சும் தடயம்

(திருத்துறைப்பூண்டியில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களில் "பிளாஸ்மா கிடைக்குமா?" என்று நாடெங்கும் குடும்பங்கள் அலைந்தன. நோயிலிருந்து மீண்டவர்கள் பலர் தாமே முன்வந்து அளித்தனர். சமணம் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்துக் கொடையும் ஒன்று. அந்த உணர்வோடு கொடுத்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். தாம் கொடுத்தது பயன்பட்டதா என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு.

வயலில் பாம்பு தீண்டியவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்தை நீங்கள் அறிவீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்துவர். அந்நஞ்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதங்களைக் குதிரையின் உடல் உண்டாக்கும். அவையே எதிர்ப்பொருள்கள், மருத்துவர் வழக்கில் ஆன்டிபாடிகள். அவற்றைப் பிரித்தெடுத்து நமக்கு ஏற்றுகின்றனர். 1890ஆம் ஆண்டில் பேரிங், கிடசாட்டோ இருவரும் பெர்லினில் கண்டறிந்து வெளியிட்ட வழி இது. (குதிரையின் துன்பத்தை இங்கு நினைப்பீர்கள், நானும் நினைப்பதுண்டு. விலங்கின் குருதியின்றி ஆய்வகத்திலேயே இவற்றை உருவாக்கும் முயற்சி பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்து வருகிறது.)

குதிரைக்குப் பதில் நோயை வென்ற மனிதர்: பிளாஸ்மா சிகிச்சையின் கருத்து இவ்வளவே. 2020 ஜூலையில் சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இச்சிகிச்சையைச் சோதித்தது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களுள் 235 பேருக்கு 200 மில்லி வீதம் இருமுறை பிளாஸ்மா ஏற்றினர். 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாள்களுக்குள் நோய் முற்றியோர் அல்லது இறந்தோர் முதற்பிரிவில் 44 பேர், அடுத்த பிரிவில் 41 பேர். பயன் இல்லை.

ஏன்? இதற்கான விடை அந்த ஆய்விலேயே கிடைக்கிறது. சேர்க்கப்பட்ட நாளிலேயே நோயாளிகளுள் 83 விழுக்காட்டினரின் குருதியில் அவர்களுடைய சொந்த எதிர்ப்பொருள்கள் இருந்தன. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தோம். பாம்பின் நஞ்சோ உடல் விழித்துக்கொள்ளும் முன்னரே கொல்லும். ஆதலால் அங்குக் கடன் வாங்கிய எதிர்ப்பொருள் உயிர் காக்கிறது. நச்சுமுறி மருந்தின் வீரியம் அளந்து அடைக்கப்படுகிறது. அன்று ஏற்றிய பிளாஸ்மாவின் வீரியத்தை முன்கூட்டி அளக்க நம்மிடம் தக்க சோதனை இல்லை. மறுபுறம், அர்ஜென்டினாவில் நோய்க்குறி தோன்றி மூன்று நாள்களுக்குள் முதியோருக்கு வீரியம் மிக்க பிளாஸ்மாவை ஏற்றியபோது கடும் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே கொடையில் குறையில்லை. அதை நாம் செலுத்திய காலமும் அளவுமே பிழைத்தன.

இந்திய ஆய்வின் முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களில்தான் குடும்பங்கள் அவ்வாறு அலைந்தன. இது என்னை இன்றும் உறுத்துகிறது. ஆய்வகத்தில் செய்த எதிர்ப்பொருள் மருந்துகளும் பின்னர் வந்தன, விலை மிகுந்தவை. ஒமைக்ரான் உருமாறி வந்தவுடன் அவற்றுட் பெரும்பாலானவை வலுவிழந்தன.

சோதனைக்கும் இதே எதிர்ப்பொருளை நாடினோம். 2020 ஏப்ரலில் விரைவுச் சோதனைக் கருவிகள் வந்தன; முடிவுகள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் அம்மாதத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டன. கருவி நன்றாயிருந்தாலும் தொற்றிய சில நாள்களில் எதிர்ப்பொருள் தென்படாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும். திருடன் போன பின்னரே காலடித் தடம் புலப்படும். ஆனால் ஊர் முழுவதையும் கணக்கெடுக்கத் தடமே போதும். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை மாவட்டந்தோறும் குருதி எடுத்து ஆய்ந்ததில் மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது தொற்றியோர் 2 கோடிக்கும் மேல். பதிவேட்டில் இருந்தோர் 8 இலட்சத்திற்கும் குறைவு.

இன்றும் சிலர் ஆய்வகத் தாளை நீட்டி, "எண் குறைந்துவிட்டது, ஆபத்தா?" என்று கேட்கின்றனர். எண் குறைவது இயல்பு. நினைவுச் செல்கள் குருதியிலும் எலும்பு மச்சையிலும் தங்கியிருக்கும். அச்சோதனை அவற்றைக் காட்டாது. கோவிஷீல்டு போட்டவருக்குக் கூர்ப்புரதத்திற்கு எதிரான எண் உயர்ந்திருந்தால், அது தடுப்பூசியாலா தொற்றாலா என்றும் அதைக்கொண்டு கூற இயலாது. அத்தாளுக்குச் செலவிடும் பணத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றே அவர்களிடம் சொல்கிறேன்.